மாணவர் புள்ளியும் மணி வளைகோடும்

ஒரு மாணவன் தமிழில் 74 புள்ளியும் கணக்கில் 70 புள்ளியும் பெற்றிருக்கிறான். எப்பாடத்தில் அவன் மேம்பட்டவன்? தமிழில் என்று பெற்றோர் உடனே விடை கூறுவர். 74 என்னும் எண் 70 என்னும் எண்ணினும் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும், கேட்கப்பட்ட வினாவுக்கு அது விடையாகாது. தமிழ்த் தேர்வு எளிதாக அமைந்து, வகுப்பினர் பலரும் 70ஐ ஒட்டியே பெற்றிருக்கலாம். கணக்குத் தேர்வு கடினமாக அமைந்து, பலர் 55ஐத் தாண்டாது நின்றிருக்கலாம். அங்ஙனமாயின், அம்மாணவன் முன்னிற்பது கணக்கிலேயன்றித் தமிழில் அன்று.

தனித்து நிற்கும் புள்ளிக்குப் பொருள் இல்லை. கூட்டத்தோடு சேர்த்து நோக்கும்போதே அது பேசத் தொடங்குகிறது. அக்கூட்டத்தை நோக்கும் முறையைக் கற்பிப்பதே புள்ளியியல். புள்ளியிட்டு, தரம் பிரித்து, வரிசைப்படுத்தி, அதன் வழியே பிள்ளைகளின் வருங்காலத்தை ஒருவாறு அறுதியிடும் பொறுப்பு ஆசிரியரைச் சார்ந்தது. ஆதலின், இவ்வியலின் அடிப்படை அவருக்கு இன்றியமையாதது. அதன் ஆற்றலை அறிதல் ஒரு பாதி; அதன் எல்லையை அறிதல் மறு பாதி.

நிகழ்தகவு என்பது யாது?

புள்ளியியலின் வேர் நிகழ்தகவு. ஒன்று நிகழுமா, நிகழாதா என்று திட்டமாகச் சொல்ல இயலாதபோது, நிகழ்வதற்குரிய வாய்ப்பை எண்ணால் அளந்து கூறுவது நிகழ்தகவாகும். ஒருபோதும் நிகழாததன் நிகழ்தகவு 0. உறுதியாக நிகழ்வதன் நிகழ்தகவு 1. ஏனையவை யாவும் இவ்விரண்டற்கும் இடைப்பட்டவை. ஒப்பான வாய்ப்புடைய விளைவுகள் பல இருப்பின், வேண்டிய விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் நிகழ்தகவு கிடைக்கும். காசைச் சுண்டினால் தலை விழுவதற்கு 1/2. ஆறு முகமுள்ள பகடையில் 4 விழுவதற்கு 1/6.

இக்கலை சூதாட்ட மேசையில் பிறந்தது. பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை ஆட்டக்காரர்க்கு எவ்வாறு பங்கிடுவது என்னும் வினாவைப் பற்றி, 1654-ஆம் ஆண்டில் பாஸ்கல், ஃபெர்மா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் இருவரும் மடல் எழுதிக் கொண்டனர். அம்மடல்களே நிகழ்தகவுக் கணிதத்தின் தொடக்கம் எனக் கருதப்படுகின்றன.

இங்கே பலரும் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. காசு ஐந்து முறை தொடர்ந்து தலையாக விழுந்ததாயின், ஆறாம் முறை பூ விழுவதே முறை என்று மனம் எண்ணும். ஆனால், காசுக்கு நினைவாற்றல் இல்லை. முன் விழுந்தவற்றை அது கணக்கில் வைத்துக் கொண்டு ஈடு செய்வதில்லை. ஆறாம் முறையும் தலைக்கு 1/2, பூவுக்கு 1/2 என்பதே உண்மை. ஒன்றையொன்று தாக்காத இத்தகைய நிகழ்ச்சிகளைச் சாரா நிகழ்ச்சிகள் என்பர். அவற்றின் நிகழ்தகவுகளைப் பெருக்கினால், அவை சேர்ந்து நிகழும் வாய்ப்பு தெரியும். இருமுறையும் தலை விழுவதற்கு 1/2 x 1/2 = 1/4.

யாப்பில் ஒளிந்துள்ள கணக்கு

காசு சுண்டும் கணக்கு தமிழாசிரியர்க்குப் புதியதன்று. யாப்பிலக்கணத்தில் அவர்கள் நாள்தோறும் கையாள்வதே. அசை இருவகைப்படும்: நேர், நிரை. ஈரசைச் சீர் எத்தனை? தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என நான்கு. மூவசைச் சீர், காய்ச்சீர் நான்கும் கனிச்சீர் நான்குமாக எட்டு. நாலசைச் சீர் பதினாறு. ஓர் அசை கூடுந்தோறும் எண்ணிக்கை இரட்டிக்கிறது. காசை இருமுறை, மும்முறை, நான்முறை சுண்டினால் கிடைக்கும் விளைவுகளும் இதே 4, 8, 16 ஆகும். நேரைத் தலை என்றும் நிரையைப் பூ என்றும் கொண்டால் இரண்டும் ஒரே கணக்கு.

இனி, அச்சீர்களை நிரையசையின் எண்ணிக்கைப்படி வகுத்துக் காண்க. ஈரசைச் சீரில் நிரை இல்லாதது தேமா ஒன்று. ஒரு நிரை உடையவை புளிமா, கூவிளம் என இரண்டு. இரு நிரை உடையது கருவிளம் ஒன்று. ஆக 1, 2, 1. மூவசைச் சீரில் நிரையே இல்லாதது தேமாங்காய். ஒரு நிரை உடையவை புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி. இரு நிரை உடையவை கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி. மூன்றும் நிரையாவது கருவிளங்கனி. ஆக 1, 3, 3, 1. நாலசைச் சீரை இவ்வாறே வகுத்தால் 1, 4, 6, 4, 1 என வரும். ஓரங்கள் மெலிந்தும் நடு பருத்தும் நிற்பதைக் காணலாம்.

பாடல்களில் நேரும் நிரையும் சம அளவில் வருவதில்லை. இங்குக் கூறியது வடிவங்களின் எண்ணிக்கையை மட்டுமே. வடமொழி யாப்பிலும் இத்தகைய எண்ணிக்கை நடந்தது. குறிலும் நெடிலும் கலந்து வரும் வகைகளை எண்ணப் பிங்கலர் நூலுக்கு உரை செய்த ஹலாயுதர், 10-ஆம் நூற்றாண்டிலேயே எண்களை மலைபோல் அடுக்கும் முறையை விளக்கினார். அதற்கு மேரு பிரஸ்தாரம் என்று பெயர். பிற்காலத்தில் ஐரோப்பாவில் பாஸ்கல் முக்கோணம் எனப் பெயர் பெற்றதும் இவ்வடுக்கே.

டி மாய்வர் கண்ட வளைகோடு

அசைகளை விடுத்துக் காசுக்கு வருவோமாயின், பத்துக் காசுகளை ஒருங்கே சுண்டும்போது 1,024 விளைவுகள் உண்டு. தலையின் எண்ணிக்கைப்படி அவற்றை வகுத்தால் 1, 10, 45, 120, 210, 252, 210, 120, 45, 10, 1 என வரும். பத்தும் தலையாவது 1,024-ல் ஒருமுறை. சரியாக ஐந்து தலையாவது 252 முறை. நான்கு முதல் ஆறு வரை தலை விழுவது 672 முறை, அஃதாவது 100-க்கு ஏறத்தாழ 66. இவ்வெண்களை உயரமாகக் கொண்டு தூண்கள் வரைந்தால், நடுவில் ஓங்கி, இருபுறமும் ஒப்பாகச் சரிந்து, ஓரங்களில் தரையோடு படியும் உருவம் தோன்றும். காசுகளின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்டத் தூண்களின் முனைகள் சேர்ந்து, கவிழ்த்து வைத்த மணியைப் போன்ற வளைகோடாக மாறும்.

இவ்வளைகோட்டின் சமன்பாட்டை முதலில் கண்டவர் ஆபிரகாம் டி மாய்வர். பிரான்சு நாட்டில் 1667-ல் பிறந்த இவர், புரோட்டஸ்டண்ட் சமயத்தவர் என்பதால் அங்கு வாழ முடியாமல் இலண்டன் சேர்ந்தார். அங்கே தனிமுறையில் கணக்குக் கற்பித்துப் பிழைத்தார். 1733-ல் அவர் அச்சிட்ட சிறு இலத்தீன் கட்டுரையில் இவ்வளைகோடு இடம் பெற்றது. 1809-ல் ஜெர்மானியப் பேரறிஞர் காஸ், வானியல் அளவைகளில் நேரும் பிழைகளுக்கு இதனையே பயன்படுத்தினார். அதற்கு அடுத்த ஆண்டில் லாப்லாஸ், இதன் அடிப்படைக் காரணத்தைக் கணித முறையில் விளக்கினார்.

அக்காரணம் எளியது. ஒன்றையொன்று சாராத சிறு காரணங்கள் பல ஒன்றுகூடி ஓர் அளவை ஆக்குமாயின், எந்த ஒன்றும் தனித்து ஓங்கி நில்லாதாயின், அவ்வளவு மணி வளைகோட்டை ஒட்டியே பரவும். ஒரே நாளில் நட்ட ஒரே இனப் பால்மரங்களின் தண்டுச் சுற்றளவை எடுத்துக் கொள்க. மண்ணின் வளம், நீர், நிழல், வேரோட்டம், பூச்சித் தொல்லை என்று காரணங்கள் பல. ஒரு மரத்துக்கு இவை யாவும் ஒருங்கே சாதகமாக வாய்ப்பது, பத்துக் காசும் தலையாக விழுவது போன்ற அருநிகழ்ச்சி. சில சாதகமாகவும் சில பாதகமாகவும் கலந்து வருவதே மிகுதி. ஆதலின், பெரும்பாலான மரங்கள் நடுத்தர அளவில் நிற்கின்றன.

மனித உடலளவுகளிலும் இதனைக் கண்டவர் பெல்ஜிய அறிஞர் கெட்டலே. ஸ்காத்லாந்துப் படைவீரர் 5,738 பேரின் மார்புச் சுற்றளவை அவர் 1846-ல் ஆராய்ந்து காட்டினார். நடு அளவு ஏறத்தாழ 40 அங்குலம். அதனை விட்டு விலக விலக வீரர் தொகை அருகிக் கொண்டே சென்றது.

இதற்கு இயல்நிலைப் பரவல் என்பது பெயர். இயல்நிலை என்னும் சொல் சிறிது மயக்கம் தருவது. மற்றப் பரவல்கள் யாவும் இயல்புக்கு மாறானவை என்று அது எண்ண வைக்கிறது. அச்சொல்லைப் பெரிதும் பரப்பிய கார்ல் பியர்சனே, பிற்காலத்தில் இக்குறையை எடுத்துக் கூறியுள்ளார்.

நடுவும் விரிவும்

ஒரு கூட்டத்தின் புள்ளிகளை அறிய இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று சராசரி, அது கூட்டத்தின் நடுவைக் காட்டும். மற்றொன்று திட்ட விலக்கம். அது புள்ளிகள் நடுவினின்று எவ்வளவு விலகிப் பரந்துள்ளன என்பதைக் காட்டும்.

ஐந்து மாணவர் 66, 68, 70, 72, 74 பெற்றனர் எனக் கொள்க. வேறு ஐவர் 50, 60, 70, 80, 90 பெற்றனர். இரு குழுவுக்கும் சராசரி 70. சராசரியை மட்டும் நோக்கும் ஆசிரியர், இரண்டும் ஒரே தன்மையின என்பார். ஆனால், முதற்குழு ஒன்றாக நடப்பது. இரண்டாம் குழு சிதறிக் கிடப்பது. இரண்டுக்கும் ஒரே பாடமுறை பொருந்தாது.

திட்ட விலக்கம் காணும் முறை இது: ஒவ்வொரு புள்ளியும் சராசரியினின்று விலகும் அளவைக் காண்க, அதனை வர்க்கப்படுத்துக, வர்க்கங்களின் சராசரியைக் காண்க, பின்னர் வர்க்கமூலம் எடுக்க. முதற்குழுவில் விலகல்கள் –4, –2, 0, 2, 4. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 40, சராசரி 8, வர்க்கமூலம் ஏறத்தாழ 2.8. இரண்டாம் குழுவில் கூட்டுத்தொகை 1,000, சராசரி 200, வர்க்கமூலம் ஏறத்தாழ 14.1. இரண்டாம் குழுவின் சிதறல் முதற்குழுவைப் போல் ஐந்து மடங்கு என்பது இப்போது எண்ணாலேயே விளங்கும்.

பரவல் மணி வடிவில் இருக்குமாயின் திட்ட விலக்கம் மேலும் பயன் தரும். சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத் தொலைவுக்குள் 100-க்கு 68 பேர் அடங்குவர். இரண்டு திட்ட விலக்கத்துக்குள் 95 பேர். மூன்றுக்குள் 1,000-க்கு 997 பேர். ஆகவே, சராசரிக்கு மேல் இரண்டு திட்ட விலக்கம் ஏறி நிற்பவர் 100-க்கு இரண்டு மூன்று பேரே.

புள்ளிகளை ஒப்பிடும் முறை

முதலில் எழுந்த வினாவுக்கு இனி விடை காணலாம். தமிழ்த் தேர்வில் சராசரி 70, திட்ட விலக்கம் 8 எனவும், கணக்குத் தேர்வில் சராசரி 55, திட்ட விலக்கம் 15 எனவும் கொள்க. தமிழில் 74 பெற்றவன் சராசரிக்கு மேல் அரைத் திட்ட விலக்கம் நிற்கிறான். கணக்கில் 70 பெற்றமையால், அங்கே ஒரு முழுத் திட்ட விலக்கம் மேலே நிற்கிறான். கணக்கிலேயே அவன் மேம்பட்டவன்.

அமெரிக்கக் கல்வியறிஞர் மெக்கால் 1922-ல், 50ஐ நடுவாகவும் 10ஐத் திட்ட விலக்கமாகவும் கொண்ட டி அளவுகோலை அமைத்தார். பிற்காலத்தில் பரவிய எளிய கணக்கின்படி, விலகலைத் திட்ட விலக்கத்தால் வகுத்து, 10-ஆல் பெருக்கி, 50ஐக் கூட்டினால் டி புள்ளி கிடைக்கும். மேற்சொன்ன மாணவனுக்குத் தமிழில் 55, கணக்கில் 60.

சிங்கப்பூரில் 1960-ல் தொடங்கிய தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில், 2020 வரை இத்தகைய டி புள்ளியே ஆண்டது. நான்கு பாடங்களின் டி புள்ளிகளைக் கூட்டிய மொத்தத்தைக் கொண்டே உயர்நிலைப்பள்ளி இடம் வழங்கப்பட்டது. வெவ்வேறு கடினமுள்ள தேர்வுகளை ஒரே கோலால் அளக்கும் நேர்மை அதில் இருந்தது. ஆனால், ஒரு பிள்ளையின் புள்ளி பிற பிள்ளைகள் எழுதியதைச் சார்ந்து ஏறவும் இறங்கவும் செய்தது. அன்றியும், ஓர் எண் வேறுபாடு கூட ஒரு பிள்ளைக்குப் பள்ளிக் கதவைத் திறந்தது; மற்றொன்றுக்கு அடைத்தது.

ஒரு புள்ளி வேறுபாட்டின் மதிப்பு என்ன?

அவ்வோர் எண்ணை எவ்வளவு நம்பலாம்? இதற்கும் நிகழ்தகவே விடை கூறுகிறது. ஒரே மாணவனுக்கு ஒரே தரமுள்ள தேர்வுகள் பல வைக்க முடியுமாயின், அவன் புள்ளி ஒவ்வொரு முறையும் சிறிது மாறும். படித்த பகுதியிலிருந்து வினா வருவது, முந்திய இரவு உறக்கம், உடல்நிலை, கட்டுரையைத் திருத்துபவரின் கை ஆகிய சிறு காரணங்கள் பல கூடுகின்றன. ஆகவே, அவனுடைய புள்ளிகளே ஒரு சிறு மணி வளைகோடாகப் பரவும். தேர்வு நாளில் கிடைப்பது அதனுள் ஏதோ ஒரு புள்ளியே.

இத்தடுமாற்றத்தின் திட்ட விலக்கம் 4 எனக் கொள்க. ஒருவனது உண்மைத் திறன் 71, மற்றவனுடையது 70. இருவர் புள்ளிகளின் வேறுபாட்டுக்குரிய திட்ட விலக்கம், 16உம் 16உம் சேர்ந்த 32-இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 5.7. அதன் முன் ஒரு புள்ளி வேறுபாடு மிகச் சிறிது. கணக்கிட்டால், இத்தகைய 100 தேர்வுகளில் ஏறத்தாழ 43-ல் திறன் குறைந்தவனே மிகுதியாகப் புள்ளி பெறுவான். ஒரு புள்ளியைக் கொண்டு இருவரில் சிறந்தவர் இவர் என்று தீர்ப்பது, காசு சுண்டித் தீர்ப்பதனின்று பெரிதும் வேறுபட்டதன்று.

வானியலார் ஒரு விண்மீனை ஒருமுறை நோக்கி அதன் இடத்தை முடிவு கட்டுவதில்லை. பலமுறை அளந்து, பிழையின் அளவையும் உடன் எழுதுகின்றனர். விண்மீனுக்குக் காட்டும் அக்கவனம் பிள்ளைக்கும் வேண்டும்.

இதனோடு தொடர்புடைய வேறோர் உண்மையை இங்கிலாந்து அறிஞர் கால்ட்டன் 1886-ல் வெளியிட்டார். மிக நெடிய பெற்றோரின் மக்கள் சராசரியினும் நெடியராயினும், பெற்றோர் அளவுக்கு நெடியராக இருப்பதில்லை. நடுவை நோக்கி மீள்கின்றனர். தேர்விலும் அப்படியே. ஒரு தேர்வில் உச்சியில் நின்றவர்க்குத் திறனோடு நல்வாய்ப்பும் துணை நின்றிருக்கும். அடுத்த தேர்வில் அவ்வாய்ப்பு நிலைப்பதில்லை. எனவே புள்ளி சிறிது இறங்கும். அதனைச் சோம்பல் என்று கடிதல் தகாது. அடியில் நின்றவன் அடுத்தமுறை சிறிது ஏறினால், அது பிரம்பின் பயன் என்று மகிழ்வதும் தகாது. பிரம்பு இல்லாமலும் அவர்களுள் பலர் ஏறுவர்.

சிங்கப்பூரில் 2021 முதல் டி புள்ளி கைவிடப்பட்டது. 90-க்கு மேல் முதல் அடைவுநிலை, 20-க்குக் கீழ் எட்டாம் அடைவுநிலை என, பிள்ளை பெற்ற புள்ளிக்கே நிலை வகுக்கப்பட்டது. பிறர் எழுதியது அதனைத் தாக்குவதில்லை. நான்கு பாடங்களின் நிலைகளைக் கூட்டினால் 4 முதல் 32 வரை வரும். ஒரு புள்ளி வேறுபாட்டுக்கு இருந்த பெருமதிப்பை இம்முறை குறைத்தது. ஆயினும் 89உம் 90உம் வெவ்வேறு நிலையில் விழுவதைத் தவிர்க்க இயலாது. எல்லைக்கோடு உள்ளவரை அத்துன்பம் சிறிதேனும் இருக்கும். மலேசியாவில், ஆறாம் வகுப்பு முடிவில் இடைநிலைப்பள்ளிக்கு மாணவரைத் தேர்ந்த நுழைவுத் தேர்வு 1964-ஆம் ஆண்டோடு நின்றது; 1988-ல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021-ல் நீக்கப்பட்டது. தேர்வுகள் வரும், போகும். புள்ளியைப் படித்தறியும் கலை என்றும் வேண்டப்படும்.

வளைகோடு பொருந்தாத இடங்கள்

எல்லாப் பரவலும் மணி வடிவினது அன்று. ஓரிடத்தில் ஒன்பது தொழிலாளர் மாதம் 1,500 வெள்ளியும் மேலாளர் 16,500 வெள்ளியும் பெறுகின்றனர் எனக் கொள்க. சராசரி 3,000 வெள்ளி. அவ்வூதியம் பெறுபவர் அங்கு ஒருவரும் இலர். ஒரே காரணம் ஓங்கி நிற்கும் இடத்தில் மணி வளைகோடு தோன்றாது. சராசரியும் உண்மையை மறைக்கும். அத்தகைய இடத்தில் வரிசையின் நடுவில் நிற்பவர் பெறுவதாகிய இடைநிலை அளவே உண்மைக்கு அண்மையது.

வகுப்பறையிலும் இத்தகைய நிலை உண்டு. புள்ளிகளைத் தூண்களாக வரைந்தபோது இரண்டு மேடுகள் தோன்றினால், அவ்வகுப்பில் இருவேறு கூட்டங்கள் உள்ளன என்பது குறிப்பு. ஒரு சாரார்க்குப் பாடம் சென்று சேரவில்லை. அன்றி, முந்திய ஆண்டின் அடிப்படை அவர்களுக்கு வாய்க்கவில்லை. சராசரி இரு மேடுகளுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் விழுந்து இச்செய்தியை மறைத்துவிடும்.

இவற்றினும் பெரிய தவறு ஒன்று உண்டு. இவ்வளவு பேர் மேலே, இவ்வளவு பேர் நடுவே, இவ்வளவு பேர் அடியிலே என வளைகோட்டை முன்னரே வரைந்து வைத்து, அதற்கேற்பப் பிள்ளைகளைத் திணிப்பதே அது. கால்ட்டன் இவ்வளைகோட்டை மனிதரைப் பிறப்பால் தரம் பிரிக்கப் பயன்படுத்தினார். அதிலிருந்து எழுந்த இனமேம்பாட்டுக் கொள்கை, பின்னர்ப் பல நாடுகளில் பெருந்தீங்கு விளைத்தது. உள்ளதை விவரிக்கும் கோடு, இருக்க வேண்டியதை விதிக்கும் கோடாக மாறியதன் விளைவு இது.

அமெரிக்கக் கல்வியறிஞர் பெஞ்சமின் புளூம் 1968-ல் இதனை ஆசிரியர்க்கு நேராக எடுத்துரைத்தார். மணி வளைகோடு தற்செயல் விளைவுக்கு உரியது. கல்வியோ நோக்கம் கொண்ட செயல். கற்பித்த பின்னும் மாணவர் அடைவு அதே மணி வடிவில் நிற்குமாயின், கற்பித்தல் தன் வேலையைச் செய்யவில்லை என்பது அவர் கருத்தின் சாரம். இது சிந்திக்கத் தக்கது. பத்து வாய்ப்பாடுகளைக் கற்பித்து, எல்லாரும் அவற்றை அறிந்து கொண்டால், புள்ளிகள் யாவும் வலக்கோடியில் குவியும். மணி உடைந்துவிடும். அவ்வுடைவு தேர்வின் குறையன்று, ஆசிரியரின் வெற்றி.

ஆசிரியர் செய்யத் தக்கவை

இவற்றால் பெறப்படும் நடைமுறைகள் சில. புள்ளிப் பட்டியலில் ஒவ்வொரு பாடத்துக்கும் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் எழுதி வைத்தல் நன்று. பத்து நிமிட வேலை அது. புள்ளிகளைப் பத்துப் பத்தாகப் பிரித்துத் தூண்படம் வரைந்தால், கூட்டத்தின் உருவம் கண்ணுக்குப் புலப்படும். இரண்டு மூன்று புள்ளி வேறுபாட்டைக் கொண்டு ஒருவனை உயர்த்தியும் மற்றவனைத் தாழ்த்தியும் பேசலாகாது. வகுப்பு மாற்றம், சிறப்பு வகுப்பு போன்ற முடிவுகளை ஒரே தேர்வைக் கொண்டு எடுக்காமல், பல தேர்வுகளையும் அன்றாட வேலையையும் சேர்த்து நோக்கியே எடுத்தல் வேண்டும்.

காசு தன் போக்கில் விழும். அதன் போக்கை அளந்து சொல்வது கணிதத்தின் தொழில். பிள்ளை காசன்று, இன்று இடக்கோடியில் நிற்பவனை நாளை நடுவுக்கும், அதற்கு அப்பாலும் கொண்டு செல்வது ஆசிரியர் தொழில்.